பேசலாம், பாடக் கூடாது

“பேசலாமாம், பாடக் கூடாதாம். இது ஒரு வைத்தியம்!”

தையல்காரர் கழுத்தில் கிடந்த அளவு நாடாவை உருவி மெஷின் மேல் எறிந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். போன வாரம் புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். முடிவு கேட்க இன்று அவர் மட்டும் போனார்.

“புதிர் போடாம விஷயத்தைச் சொல்லுங்க.” ஈரக்கையைத் துடைத்தபடி அவர் மனைவி வந்தாள்.

“சர்க்கரை எல்லையில நிக்குதாம். கொழுப்பு எல்லையைத் தாண்டிருச்சாம். இப்படியே விட்டா நெஞ்சுல வந்து நிக்குமாம். மூணு மாசம் பார்ப்பாங்களாம். இறங்கலைன்னா மாத்திரை.”

முப்பத்தாறு வருஷமாக மெஷினே கதி என்று உட்கார்ந்த மனிதர். அவர் ஒரு தும்மல் போட்டாலே வீட்டைத் தலைகீழாக்குகிறவள் அவள். இதுவோ நெஞ்சு விஷயம்.

“அதுக்கு என்ன செய்யணுமாம்?”

“நடக்கணுமாம். நடை நெஞ்சுக்கு. நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகமாம். வாரத்துல ரெண்டு நாள் எடை தூக்கணும். அது சர்க்கரைக்கு. தசை சர்க்கரையைத் தின்னுமாம். இவங்க உள்ள போய் எட்டிப் பார்த்தாங்களா?”

“டாக்டர் சும்மா சொல்வாங்களா? நாளைக்கே நடக்கறீங்க.”

“தனியா பேசிக்கிட்டு நடந்தா கிறுக்கன்னு கல்லெடுத்து அடிப்பான். நீயும் வந்தா பார்க்கலாம்.”

“வர்றேன். வராம இருப்பேனா?”

மறுநாள் விடிந்ததும் அட்டைப்பெட்டி ஒன்றை அவள் முன்னால் வைத்தார். உள்ளே புதுச் செருப்பு.

“நடக்க வேண்டியது நீங்க. செருப்பு எனக்கா?”

“அந்தப் பிஞ்ச செருப்போட நீ பின்தங்கினா நான் யாரோட பேசறது?”

முதல் வாரம் தெருக்கோடி மரம் வரைக்கும்கூடப் போக முடியவில்லை. பாதி வழியிலேயே ஒரு கல் பெஞ்சைக் கண்டால், “மூச்சு வாங்குது. உட்காரலாம்” என்பார். நல்லதாகப் போயிற்று என்று அவளும் உட்காருவாள். அவளுக்கும் இரைத்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. அவரே முடியாமல் இருக்கும்போது தன் பாட்டை எதற்கு நடுவில் இழுப்பது?

எடை தூக்குகிற நாளில் பெரிய அடம். இரண்டு பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வைத்தால் தொடவே மாட்டார்.

“நீ பத்து தடவை தூக்கு. உனக்கு கை சுளுக்கலைன்னா நான் தூக்கறேன்.”

“வயசு எழுபது ஆகப்போகுது, எல்.கே.ஜி. பிள்ளை தேவலாம்!” என்று தலையில் அடித்துக்கொண்டே தூக்குவாள். நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கிற பயிற்சிக்கும் அதே கதைதான். முதலில் அவள், பிறகுதான் அவர்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அளவு நாடா வரும்.

“முதல்ல உன் இடுப்பு.”

“எனக்கெதுக்கு?”

“ஒத்தை அளவை எந்தத் தையல்காரனும் நம்ப மாட்டான். பக்கத்துல வச்சுப் பார்க்க இன்னொண்ணு வேணும்.”

மூன்றாம் மாதம் மரத்தையும் தாண்டி, பள்ளிக்கூடத்து மதிலையும் தாண்டி நடந்தார்கள். ஒருநாள் காலை தன்னை அறியாமல் அவள் ஏதோ ஒரு பழைய பாட்டை முணுமுணுத்தாள்.

“பாட்டு வருதா? அப்ப வேகம் பத்தாது. எட்டி வை.”

“பாடினது நானு. எட்டி வைக்க வேண்டியது நீங்க.”

“ரெண்டு பேர் காலும் ஒண்ணாத்தானே போகுது?” என்றார். அன்றைக்கென்று அவர் முகத்தில் கடுகடுப்பைக் காணோம்.

மறுபடி ரத்தம் கொடுக்கப் போனபோது ஊசியைக் கண்டு பின்வாங்கினார். அவளே முதலில் கையை நீட்டிக் காட்ட வேண்டியிருந்தது. இரண்டு நாள் கழித்து இருவரும் டாக்டர் அம்மா முன்னால் உட்கார்ந்தார்கள். அவள் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டே இருந்தாள். டாக்டர் காகிதத்தைப் புரட்டி முடிப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

“சர்க்கரை இறங்கிடுச்சு. கொழுப்பும் எல்லைக்குள்ள வந்துடுச்சு. மாத்திரையே வேண்டாம். நடையை மட்டும் விட்டுடாதீங்க.”

அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. புருஷன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“கேட்டீங்களா? கேட்டீங்களா? எத்தனை அடம் பிடிச்சீங்க! பிழைச்சீங்க போங்க!”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “அவருக்கு என்னம்மா? அவர் ரிப்போர்ட் முதல் தடவையே சுத்தமா இருந்துச்சே. இது உங்க ரத்தம்மா.”

அவள் திரும்பினாள். தையல்காரர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். செருப்பு குதிகாலில் தேய்ந்திருந்தது.

“மூணு மாசமா எங்கிட்ட பொய் சொல்லியிருக்கீங்க” என்றாள்.

“என்ன பொய்? சர்க்கரை நிக்குதுன்னேன், கொழுப்பு தாண்டிருச்சுன்னேன்” என்று முறைத்தார் அவர். “யாருக்குன்னு நீதான் கடைசி வரைக்கும் கேட்கவே இல்ல.”