உச்சியில் ஒரு பெட்டி

பூங்கோதை உருவாக்கிய வீடியோ கேமில் ஒரு மலை இருந்தது. ஏறி முடிக்க அரை நாள் பிடிக்கும். உச்சியில் காற்றைத் தவிர ஒன்றும் கிடையாது. ஆடியவர்கள் திட்டி எழுதினார்கள். "இவ்வளவு கஷ்டப்பட்டு ஏறுறவனுக்கு ஏதாவது கொடுக்கணும்ல?" என்றார் முதலாளி தணிகைவேல். "ஏறுனதே போதும் சார்" என்று அவள் சொன்னதை அலுவலகத்தில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் அவளே உச்சியில் ஒரு தங்கப் பெட்டியை வைத்தாள். மறுநாள், ஆடுபவர்களில் யார் முதலில் உச்சிக்கு வருகிறார் என்று பார்க்க அலுவலகத்தில் எல்லோரும் பெரிய திரையின் முன் கூடி நின்றார்கள். முதலில் ஏறி வந்தவனின் தலைக்கு மேல் மிதந்த பெயரை அவளுக்குத் தெரியும். வெறும் மலை என்று அவளை மிக மோசமாகத் திட்டி எழுதியவன். அவன் பெட்டியை ஒரு முறை சுற்றி வந்தான். திறக்கவில்லை. தோளைக் கொடுத்து விளிம்புவரை தள்ளிக்கொண்டு போய், பள்ளத்தில் உருட்டிவிட்டு, அது இருந்த இடத்தில் உட்கார்ந்தான்.

"பெட்டிய ஏம்மா நகராத மாதிரி வைக்கல?" என்றார் தணிகைவேல்.

"மறந்துட்டேன் சார்" என்றாள் பூங்கோதை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அங்கே காற்றில் அவன் சட்டை படபடத்துக்கொண்டிருந்தது.