பதினோராவது விதி

"முப்பத்தொம்பது, ஆட்சேபம் இல்லை. நாப்பது, இல்லை."

குழுத் தலைவர் மடமடவென்று பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். அமைச்சகங்கள் எழுதி அனுப்பும் விதிகளில் பிழை, வரம்பு மீறல் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்தக் குழு. உறுப்பினர்களில் இருவர் அதற்குள் பையை மூடிவிட்டார்கள்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த குழு அதிகாரி அவர் புரட்டும் பக்கங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தொன்று, மின்சார விதிகள். பிழை இன்று காலையில்தான் அவள் கண்ணில் பட்டிருந்தது.

பற்றாக்குறை வந்தால் எந்த வீட்டுக்கும் சொல்லாமல் மின்சாரத்தை நிறுத்தலாம் என்றது பத்தாவது விதி. மூச்சுக்கருவியோடு நோயாளி இருக்கும் வீட்டுக்கு விலக்கு தருவது பதினோராவது. ஆனால் அதில் 'பத்தாவது விதி பொருந்தாது' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ஒன்பதாவது' என்று இருந்தது.

ஒன்பதாவது விதி மீட்டர் பெட்டியைப் பற்றியது.

மறுப்புச் சொல்ல இன்றே கடைசி நாள். விட்டால் விட்டதுதான்.

கேட்டாலொழிய அதிகாரிகள் வாய் திறப்பதில்லை. துண்டுச் சீட்டு எழுதி அனுப்பினாள். தலைவர் படிக்காமல் அதன்மேல் தண்ணீர்க் குவளையை வைத்தார்.

"நாப்பத்தொண்ணு..."

எழுந்துவிட்டாள். நாற்காலி கிறீச்சிட்டது. எல்லாத் தலைகளும் திரும்பின.

பதினோராவது விதியில் எண் தவறியிருப்பதைச் சொன்னாள். அதனால் என்ன ஆகும் என்பதையும் சொல்லி முடித்தாள்.

தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மூன்று விதிகளையும் இரண்டு முறை படித்தார். ஓரத்தில் 'ஆட்சேபம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அப்புறம் எதிரே அமர்ந்திருந்த அமைச்சகத் துணைச் செயலாளரைப் பார்த்தார்.

"மூச்சுக்கருவி ஓடுற வீட்டுல கரண்டை நிறுத்துறதா? எவன்யா இதை எழுதினது?"

துணைச் செயலாளர் குனிந்து பார்த்தார். அவர் முன்னால் கோப்பு திறந்திருந்தது. வரைவு எழுதியவரின் கையெழுத்து அதிலேயே இருந்தது. அவர் மெதுவாகக் கோப்பை மூடினார்.

"என் பொறுப்புதாங்க ஐயா."

அவள் இன்னும் உட்காரவில்லை. நாலு மாதம் முன்புவரை அமைச்சகத்தில் அவருக்குக் கீழேதான் வேலை பார்த்தாள்.

"வேண்டாம் சார்," என்றாள். "அந்தக் கோப்பை ஐயாகிட்ட குடுத்துடுங்க. என் கையெழுத்து அவருக்குத் தெரியும்."