கெர்கோவிடம் சொல்ல

போர் முடிந்து இரண்டாவது வசந்தம். ஸ்லோவாக்கியாவில் உள்ள எங்கள் ஊரின் ஹங்கேரியக் குடும்பங்களை அரசு உத்தரவுப்படி டான்யூப் ஆற்றுக்கு அப்பால், ஹங்கேரிக்குக் கொண்டுபோக லாரிகள் வந்து நிற்கின்றன. வெயிலில் செர்ரிப் பூக்கள் கண்ணைக் கூசவைக்கின்றன. கட்டில், தையல் மெஷின், கூடைக்குள் கத்தும் வாத்துகள் எல்லாம் ஏறிவிட்டன. எதெல்காவும் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஆனால் கீழே நிற்கும் பக்கத்து வீட்டு ஸ்லோவாக்கியக்காரி ஜுஸ்காவின் கையை விடவில்லை. "ஞாயித்துக்கிழமை எம்புள்ள கெர்கோ கல்லறைக்குப் போவியாடி?" "போறேன்க்கா. பூ வைக்கிறேன், மெழுகுவத்தி ஏத்துறேன்." "அது போதாதுடி. நாலு வயசுல போனவன், உங்க பாஷை அவனுக்குத் தெரியாது. எங்க பாஷையில ரெண்டு வார்த்தை பேசிட்டு வா." ஜுஸ்கா தலையாட்டுகிறாள். மலைப்பக்கத்திலிருந்து போன வருஷம்தான் வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஹங்கேரிய மொழியில் வணக்கம் சொல்லவும் ரொட்டி கேட்கவும் மட்டுமே அவளுக்குத் தெரியும். லாரி உறுமிக்கொண்டு நகர்கிறது. புழுதிக்குள் அவளும் கூடவே ஓடுகிறாள். "அக்கா, 'அம்மா திரும்பி வருவா'ன்னு உங்க பாஷையில எப்படிச் சொல்றது?" எதெல்காவின் வாய் திறக்கிறது. தலைத்துணியை இழுத்து வாயைப் பொத்திக்கொள்கிறாள்.