உண்டியலுக்குள் எக்ஸ்

மேசை மேல் இருந்த மண் உண்டியலின் பக்கத்தில் சுத்தியல் வந்து நின்றது.

“உனக்குள்ள அஞ்சு ரூபா காசு எத்தனை இருக்குன்னு தெரியணும். உடைச்சு எண்ணிடறேன்” என்றது.

உண்டியல் நடுங்கிப்போனது. “வேணாம் அண்ணே! ரெண்டு ரூபாயும் அஞ்சு ரூபாயும்தான் இருக்கு. மொத்தம் பன்னிரண்டு காசு, முப்பத்தாறு ரூபா. அதுக்கு மேல எனக்குத் தெரியாது.”

“அது போதுமே!” என்று பென்சில் துள்ளி எழுந்தது. “பயப்படாதே, கணக்குப் போட்டே உன்னைக் காப்பாத்தறேன். அஞ்சு ரூபா காசு எக்ஸ் என்க.”

மேசையிலேயே விறுவிறுவென்று எழுதியது. “எல்லாமே ரெண்டு ரூபான்னா இருபத்துநாலுதான் வரும். பன்னிரண்டு ரூபா குறையுது. ஒவ்வொரு அஞ்சு ரூபா காசும் மூணு ரூபா கூடத் தரும். ஆக, மூணு எக்ஸ் பன்னிரண்டு. எக்ஸ் நாலு!”

“நாலா? சரி, இருக்கட்டும்” என்று இழுத்தபடி சுத்தியல் திரும்பி நடந்தது. உண்டியலுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பென்சிலுக்குச் சுருக்கென்றது. “என்ன இழுக்கறே? என் கணக்கு மேல நம்பிக்கை இல்லையா?”

“இல்லப்பா, கண்ணால பார்க்கலையே, அதான்...” என்றது சுத்தியல்.

“நான் போட்ட கணக்கு என்னைக்காவது தப்பியிருக்கா? சந்தேகமா இருந்தா உடைச்சுப் பாரு!”

டமாரென்று ஒரு சத்தம். ஓட்டுச் சில்லுகளுக்கு நடுவே எட்டு ரெண்டு ரூபாயும் நாலு அஞ்சு ரூபாயும் உருண்டு ஓய்ந்தன.

பென்சில் சில்லுகளிடம் குனிந்து சொன்னது: “பார்த்தியா, நான் சொன்னபடியே நாலு!”