தெரியலையேம்மா டீச்சர்

"கம்ப்யூட்டர் டீச்சருக்கே கம்ப்யூட்டர் தெரியலைன்னா எங்கே போய் முட்டிக்கிறது மேடம்?"

தலைமையாசிரியை அறையில் அந்த அப்பா கொதித்துக்கொண்டிருந்தார். மென்பொருள் கம்பெனியில் பெரிய வேலை. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றக்கூடப் பொறுமையில்லாமல் ஆபீசிலிருந்து நேரே வந்திருந்தார்.

"என்ன சார் ஆச்சு?"

"என் பொண்ணோட ப்ரோகிராம்ல ஒரு தப்பு. டீச்சரைக் கேட்டிருக்கா. அதுக்கு அவங்க, 'தெரியலையேம்மா, நீயே பார்த்து எனக்குச் சொல்லு'ங்கிறாங்களாம். ஒரு நாள் இல்லை, தினமும் இதே பாட்டு! பிள்ளைங்க அவங்களுக்குத் 'தெரியலையேம்மா டீச்சர்'னே பேர் வச்சிருக்கு!"

தலைமையாசிரியை எழுந்துவிட்டார். "வாங்க, இப்பவே லேபுக்குப் போகலாம். நீங்களே கேள்வி கேளுங்க. நீங்க சொல்றது நிஜம்னா, நாளையிலேர்ந்து அவங்க வர வேண்டாம்."

அப்பா சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அதுதான் வம்பே.

டீச்சர் அசல் தையல் டீச்சர். ஒரு லீவில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் ஓட்டக் கற்றுக்கொள்ளப் பத்து நாள் பயிற்சிக்குப் போனார். பதிவேட்டில் கட்டம் சின்னது, கிளார்க்குக்குச் சோம்பல் பெரிசு. 'கம்ப்யூட்டர் பயிற்சி' என்று மட்டும் எழுதிவைத்தார். இந்த வருஷம் பழைய கம்ப்யூட்டர் சார் வேலையை விட்டுப் போனதும், அந்த வரி தலைமையாசிரியை கண்ணில் பட்டுத் தொலைத்தது. தையல் வகுப்பையும் நிறுத்திவிட்டார்கள்.

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதுங்க மேடம்" என்று டீச்சர் தலைபாடாய் அடித்துக்கொண்டார். "ரொம்பத்தான் அடக்கம்!" என்று தலைமையாசிரியை முதுகில் தட்டி அனுப்பிவைத்தார். இந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. டீச்சர் என்னதான் செய்வார்? வகுப்பில் யார் எதைக் கேட்டாலும் உள்ளதைச் சொன்னார்: தெரியலையேம்மா. யாராவது கண்டுபிடித்துவிட்டால், "எனக்குப் புரியுற மாதிரி சொல்லு" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். புரியும்வரை லேசில் விடமாட்டார்.

லேபுக்குள் நுழைந்ததும் அப்பா விறுவிறுவென்று பலகையில் எட்டு வரி எழுதினார்.

"ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் கூட்டுற ப்ரோகிராம். விடை அம்பத்தஞ்சு வரணும். வராது. ஏன்னு டீச்சர் சொல்லட்டும்."

டீச்சர் பலகையைப் பார்த்தார். எறும்பு வரிசை மாதிரி என்னவோ தெரிந்தது. தலைமையாசிரியை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அது வந்து... எனக்கு..."

"சொல்லிடாதீங்க டீச்சர்!" மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு அலறல். அப்பாவின் அருமை மகள்தான். வாயாடி என்றால் பள்ளிக்கூடமே அடையாளம் காட்டும். "நீங்க சொல்லிட்டா எங்களுக்கு என்ன வேலை? நாங்க கண்டுபிடிக்கிறோம்!"

அவ்வளவுதான். முப்பத்தெட்டுப் பேரும் கீபோர்டில் பாய்ந்தார்கள். ஒரே கூச்சல். ஒருத்தி நாற்காலிமேல் ஏறிப் பலகையை வாசித்தாள். இன்னொருத்தன், "ஏய், கடைசியில நாப்பத்தஞ்சுதான் வருது!" என்று கத்தினான்.

ஐந்தே நிமிஷம்.

"லூப் ஒன்பதிலேயே நின்னுடுது. பத்தைக் கூட்டவே இல்லை" என்றாள் வாயாடி.

"கரெக்ட்" என்றார் அப்பா, கொஞ்சம் சுரத்தில்லாமல்.

"இன்னொரு தப்பும் இருக்கு அங்கிள்" என்றது கடைசி பெஞ்ச். "விடையைக் காட்டுற வரியை லூப்புக்குள்ள போட்டுட்டீங்க. விடை ஒரு தடவை வராம, வரிசையா வந்துக்கிட்டே இருக்கு."

அந்தத் தப்பை அப்பா வேண்டுமென்று வைக்கவில்லை. பலகையை இரண்டு தடவை பார்த்தார். அடையாள அட்டையை மெல்லச் சட்டைப் பைக்குள் தள்ளினார்.

"டீச்சர் எப்பவும் இப்படித்தான்ப்பா" என்றாள் மகள். "தெரியாத மாதிரியே இருப்பாங்க. அப்பத்தான் எங்களுக்கு வருமாம்."

தலைமையாசிரியைக்குப் புல்லரித்தே விட்டது. "அடடா! இந்த முறையை அடுத்த மீட்டிங்ல எல்லா டீச்சருக்கும் நீங்க சொல்லிக்கொடுக்கணும்!"

"மன்னிச்சுக்குங்க டீச்சர். அவசரப்பட்டுட்டேன்" என்று கும்பிட்டார் அப்பா.

இருவரும் போனதும் டீச்சர் கதவைச் சாத்தினார். கண் கலங்கியிருந்தது. வேலை தப்பியதுதான், ஆனால் இல்லாத பெருமையைச் சுமக்க அவருக்கு மனசு வரவில்லை.

"பிள்ளைங்களா, உங்களை ஏமாத்த எனக்கு இஷ்டமில்லை. மேடம் சொன்ன மாதிரி அது முறையும் இல்லை, மண்ணும் இல்லை. எனக்கு நிஜமாவே கம்ப்யூட்டர் தெரியாது. மேடம்கிட்ட உண்மையைச் சொல்லிட்டு நான் போயிடறேன்."

வகுப்பு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. வாயாடிதான் எழுந்தாள்.

"முதல் நாள் மேஜைக்கடியில காலால தையல் மெஷின் பெடலைத் தேடினீங்களே, அப்பவே எங்களுக்குத் தெரியும் டீச்சர். வெளியில மூச்சு விடக்கூடாதுன்னு அன்னைக்கே எல்லாரும் பேசி வச்சுட்டோம். நான்தான் வீட்டுல உளறிட்டேன், ஸாரி."

டீச்சர் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். "தெரிஞ்சுமா என்னைக் காப்பாத்தினீங்க? ஏன்டி?"

"எல்லாம் தெரிஞ்ச சார் போன வருஷம் இருந்தார் டீச்சர். எங்களை மவுஸைக்கூடத் தொடவிடலை."