ஏழாம் நம்பர்

“ஏழு?” வாக்கிடாக்கியில் ரேஞ்சர் இரண்டாவது தடவையாகக் கேட்டார்.

ஏழு என் அக்கா புருஷன். எட்டு நான்.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நூறடி, ஆளை மறைக்கிற புல். அந்தப் பக்கம் ஆளே இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அரை மணி நேரத்துக்கு முன்னால் புல்லை விலக்கிக்கொண்டு வந்து தலையை நீட்டினார். “மாப்ள, இதோ வந்துடுறேன். நம்பர் கேட்டா சொல்லிடு.”

எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்பானேன்? பின்னால் ஜீப் நிற்கிறது, ஜீப்பில் அவருடைய பீடிக்கட்டு இருக்கிறது. வனவிலங்குப் பூங்கா பாதி எரிந்துகொண்டிருக்கும்போது பீடி பற்றவைக்க நெருப்புத் தேடிப் போகிற மனுஷன் உலகத்திலேயே அவர் ஒருத்தர்தான்.

தீ பிடித்து அன்று மூன்றாம் நாள். மத்தியான வெயிலே தெரியாத அளவுக்குப் புகை. முயலும் மானும் எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் பக்கத்தில் உரசிக்கொண்டு ஓடின. எங்களுக்குப் பின்னால் ஒரு மைலில் ஊழியர் குடியிருப்பு. அக்காவும் அவள் பிள்ளைகள் இரண்டும் அங்கேதான் இருந்தார்கள்.

அதனால்தான் எதிர்த்தீ. பெரிய தீ வந்து சேர்வதற்குள் அதற்கு முன்னால் இருக்கிற புல்லை நாங்களே எரித்துவிட வேண்டும். வருகிற தீக்குத் தின்ன ஒன்றும் இருக்காது, அங்கேயே அடங்கிவிடும்.

பதினான்கு பேர் ஒரே கோட்டில். ஆளுக்கு ஒரு பந்தம், ஒரு வாக்கி, நூறடி புல். எல்லா நம்பரும் குரல் கொடுத்த பிறகுதான் கொளுத்த வேண்டும், ஒன்று குறைந்தாலும் கூடாது.

“ஏழு! இருக்கியா இல்லையா? மெமோ வேணுமா உனக்கு?”

நான் மூக்கைக் கொஞ்சம் அடைத்துக்கொண்டு, தொண்டையைக் கரகரவென்று ஆக்கினேன். “ஏழு இருக்கேன் சார்.”

“எட்டு?”

“எட்டு இருக்கேன் சார்.” இது என் சொந்தக் குரல்.

பெருமைக்குச் சொல்லவில்லை, எங்கள் ஆபீஸில் நான் பேசாத குரல் கிடையாது. ரேஞ்சர் குரலில் பேசி டிரைவரை நாலு மைல் வரவழைத்திருக்கிறேன். ரேஞ்சர் திட்டவில்லை, பிரமோஷன் விருந்தில் என்னை நடுவில் நிற்க வைத்து அதையே மறுபடி செய்யச் சொன்னார். மாமா குரல்தான் எனக்கு ரொம்பச் சுலபம். இரண்டு வருஷமாக அவருக்கு நம்பர் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒரு தடவைகூட மாட்டினதில்லை.

பதினான்கு வரைக்கும் வந்தது. ரேஞ்சர், “சரி, வையுங்கடா,” என்றார்.

என் நூறடியைக் கொளுத்தினேன். காய்ந்த புல், சடசடவென்று பிடித்துக்கொண்டது. மாமா இன்னும் வந்தபாடில்லை. நாலு நல்ல வார்த்தையில் அவரைத் திட்டிக்கொண்டே ஓடிப்போய் அவருடைய நூறடியையும் நானே கொளுத்தினேன். நடுவில் சந்து விட்டால் தீ அதன் வழியாகப் புகுந்துவிடும். மெமோ அப்புறம்.

அப்போதுதான் வாக்கி கரகரத்தது.

“சார், கொளுத்தாதீங்க சார்! ஏழு பேசுறேன். கூண்டுகிட்ட இருக்கேன், சிறுத்தை மாட்டியிருக்கு சார். நான் புல்லுக்குள்ள இருக்கேன்!”

பந்தத்தை மண்ணில் குத்தி அணைத்தேன்.

குடியிருப்பு நாய்களைத் தூக்கிக்கொண்டு போன சிறுத்தைக்காக வைத்த கூண்டு அது. எங்கள் கோட்டுக்கு முன்னால், ஓடைப் பள்ளத்தில் இருந்தது. தினமும் காலையில் போய்ப் பார்த்து நோட்டில் எழுதுவது மாமாவின் பொறுப்பு. அன்றைக்குத் தீ அவசரத்தில் போகாமலேயே ‘காலி’ என்று எழுதியிருக்கிறார். கோட்டில் வந்து நின்ற பிறகு மனசு கேட்காமல் பார்த்துவிட்டு வரலாமென்று போயிருக்கிறார். பள்ளத்துக்குள் வாக்கி எடுக்காது. நம்பர் கூப்பிட்டது அவர் காதில் விழுந்திருக்காது, கொளுத்தச் சொன்னதும் விழுந்திருக்காது. மேலே ஏறி வந்து புகையைப் பார்த்த பிறகுதான் பேசியிருக்கிறார்.

ரேஞ்சர் குரல் வந்தது. “டேய் எட்டு, நேரங்காலம் தெரியாதா உனக்கு? கூண்டு காலின்னு காலைல அவனே எழுதியிருக்கான். வேலையைப் பாருடா.”

ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாளாக யாரும் தூங்கவில்லை, எல்லாருக்கும் எதற்காவது சிரிக்க வேண்டும் போலிருந்தது. வாக்கி முழுக்கச் சிரிப்பு.

நான் பொத்தானை அழுத்திக் கத்தினேன். “சார், இது நான் இல்ல சார்! மாமாவேதான்! முதல்ல நம்பர் சொன்னதுதான் நான்! அக்கா மேல சத்தியமா சார், அவர் உள்ள இருக்காரு!”

இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

உள்ளே ஓடலாமென்று பார்த்தேன். எனக்கு முன்னால் என் நெருப்பு, இடது பக்கம் மாமாவுக்காக நான் வைத்த நெருப்பு. இரண்டும் என் தலைக்கு மேல் எழும்பிவிட்டன. கன்னம் காந்தியது, கால் தானாகப் பின்னால் போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ரேஞ்சர் கோட்டின் அந்தக் கோடியில் இருந்தார், என் முகத்தை அவர் பார்க்க வழியில்லை.

“அதையும் அவன் குரல்லயே சொல்லேன் பார்ப்போம்,” என்றார் ரேஞ்சர்.

வாக்கியில் ஒரு இருமல். அப்புறம் மாமா பேசினார்.

“மாப்ள, நீ சொல்லுடா அவங்ககிட்ட. நீ சொன்னா கேட்பாங்கடா.”

“அடேயப்பா!” என்றார் ரேஞ்சர். “அச்சு அசல் அவனேதான்டா!”