இரண்டாம் பக்கம், பதினோராவது வரி

அந்தக் கதவில் தாழ்ப்பாளே கிடையாது என்பதற்கு எதிர்த்தரப்பு வக்கீல் நான்கு புகைப்படங்கள் காட்டினார்.

வெளியிலிருந்து ஒன்று, உள்ளிருந்து ஒன்று, பக்கவாட்டில் இரண்டு. உருண்டைக் கைப்பிடி, அதன் நடுவில் அமுக்கிப் பூட்டும் குமிழ். அவ்வளவுதான். திருகாணி அடித்துப் பிடுங்கிய தடம்கூட இல்லை.

பிறகு வாக்குமூலத்தின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டி, பதினோராவது வரியை நிறுத்தி நிதானமாக வாசித்தார். 'அவர் கதவைச் சாத்தி, உள்பக்கம் மேல் தாழ்ப்பாளைப் போட்டார்.'

கூண்டில் நின்றவள் மருந்துக் கம்பெனியில் மாத்திரைகளின் தரம் சோதிக்கிறவள். இருபத்தாறு வயது. மேலாளர் தன் வீட்டில் கொடுத்த விருந்தில் அவள் ஒயின் குடித்தாள். மாடி அறையில் வைத்து அவர் அவளைப் பலாத்காரம் செய்தார் என்பது வழக்கு.

"மூணு கிளாஸ் உள்ள போனா கதவுல தாழ்ப்பாள் தானா முளைச்சிடும் போல," என்றார் வக்கீல்.

பின்வரிசையில் அவருடைய ஜூனியர்கள் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

குடித்ததை அவள் ஒருநாளும் மறைத்ததில்லை. வாக்குமூலம் எடுத்த அன்றே, யாரும் கேட்பதற்கு முன்னால், எத்தனை கிளாஸ் என்பது வரை சொல்லிவிட்டாள்.

ஞாபகம் இருந்ததையும் சொன்னாள். அவர் முழங்கைக்குக் கீழே இருந்த தீக்காயத் தழும்பு. சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த வாஷிங் மெஷின், அது நின்றபோது கேட்ட சத்தம். நாளைக்கு லீவு எடுத்துக்கொள் என்று எழுந்து போகும்போது அவர் சொன்னது.

தழும்பு இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷினும் இருந்தது. போலீஸ் போய்ப் பார்த்துக் குறித்திருக்கிறது. பதினோராவது வரிக்குப் பிறகு அதையெல்லாம் சீந்துவாரில்லை.

தாழ்ப்பாளைக் கண்ணால் பார்த்தாயா என்று வக்கீல் கேட்டார். தெரியவில்லை என்றாள். அது போதும் என்று அவர் உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்தவள் நான். ஸ்டேஷனில் எனக்கு அதுதான் வேலை. காலையிலேயே என்னைக் கூண்டில் ஏற்றி, ஐந்து நிமிடத்தில் இறக்கிவிட்டார்கள். அவள் சொன்னாள், நான் அடித்தேன், நான்கு பக்கங்களையும் வாசித்துக் காட்டினேன், கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். இதைச் சத்தியம் செய்து சொன்னேன். நான் வாசிக்க வாசிக்க, இரண்டு நாள் தூங்காத கண்ணோடு அவள் வெறுமனே 'ம்' கொட்டிக்கொண்டிருந்ததை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

பத்தொன்பது வருட வேலை. என் காகிதத்தில் குறை கண்டுபிடிக்கிறவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டரே சொல்வார்.

சாப்பாட்டு இடைவேளைக்குக் கலைந்தார்கள். வராந்தா பெஞ்சில் அவளுடைய அண்ணன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, செல்போனில் இல்லாத எதையோ தேடிக்கொண்டிருந்தார். வழக்குப் போட்ட நாளிலிருந்து தங்கையிடம் அவர் கேட்டது ஒரே கேள்விதானாம். எதற்குக் குடித்தாய்.

அவள் அவரைத் தாண்டி என்னிடம் வந்தாள்.

அன்று டீ வாங்கிக் கொடுத்து, ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்தவள் நான் என்பதால் இருக்கலாம்.

அவள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. அன்று பிரிண்டர் சூடாகும்வரை அவளே சொல்லிக்கொண்டிருந்தாள். மாத்திரை கரைய எத்தனை நிமிடம் ஆனது என்று மனதில் வைத்திருப்பதற்கு மதிப்பில்லை. பதிவேட்டில் இருப்பதுதான் நடந்தது. இல்லாதது நடக்கவே இல்லை. ஞாபகம் ஒன்று சொல்லி, பதிவேடு வேறொன்று சொன்னால், வாயை மூடிக்கொண்டு பதிவேட்டின் பக்கம் நிற்க வேண்டும்.

இப்போதும் அப்படித்தான் கேட்டாள். சண்டைக்கு வந்தவள் மாதிரி இல்லை. சோதனை முடிவைச் சரிபார்க்க வந்தவள் மாதிரி.

"அக்கா, தாழ்ப்பாள்னு நான்தான் சொன்னேனா?"

வராந்தாவின் கோடியில் இன்ஸ்பெக்டர் பல் குத்தியபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சத்தியம் செய்து சொன்னது பதிவில் ஏறி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"நீதாம்மா சொன்ன," என்றேன்.

அவள் தலையாட்டினாள். அழவில்லை.

அப்படியானால் அந்தத் தழும்பு, அந்த மெஷின் சத்தம் எல்லாமே பிற்பாடு தானாகச் சேர்த்துக்கொண்டதாக இருக்குமோ என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், குடித்தவளுடைய ஞாபகம்தானே என்று பதிலையும் அவளே சொல்லிக்கொண்டாள். தொந்தரவு செய்ததற்கு மன்னித்துக்கொள்ளச் சொன்னாள்.

பிறகு அரசு வக்கீலிடம் போய், எதையும் தன்னால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும், இனி வர விருப்பமில்லை என்றும் சொன்னாள். அவர் எழுதிக் கொடுக்கச் சொன்னார். நின்றபடியே எழுதிக் கொடுத்தாள். அண்ணன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

காலியாக விட்ட இடத்தில்தான் எதிர்த்தரப்பு வக்கீல் காலை வைப்பான், ஒரு வரியும் விடாமல் நிரப்பு என்றுதான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

அவர் கதவை எப்படிப் பூட்டினார் என்று அன்று அவளிடம் மூன்று தரம் கேட்டேன். ஒவ்வொரு தரமும் கண்ணை மூடி யோசித்துப் பார்த்துவிட்டு, ஞாபகம் இல்லை அக்கா என்றாள்.

என் வீட்டில் எல்லாக் கதவுக்கும் மேல் தாழ்ப்பாள்தான்.